அரைக்கால் ரூபாய் வரை: காலனிய இந்தியாவில் சிறு வெள்ளி நாணயங்களும் எளியோர் சேமிப்பும் (1835–1947)

ஆய்வுச் சுருக்கம்

1835ஆம் ஆண்டின் நாணயச் சட்டம் உருவாக்கிய வெள்ளி நாணய வரிசையில் அரை ரூபாய், கால் ரூபாய், அரைக்கால் ரூபாய் ஆகிய சிறு பின்ன நாணயங்கள் தனி இடம் பெறுகின்றன. இவை முழு ரூபாயின் தூய்மையையும் அதற்கு நேர்விகிதமான எடையையும் கொண்டிருந்தன. ஆகவே மிகச் சிறிய தொகையைச் சேமிப்பவரும் செல்வர் பெறும் அதே விலையில் வெள்ளியைப் பெற முடிந்தது. 1893, 1917–20, 1940–47 ஆகிய மூன்று காலகட்டங்களில் இந்நிலை எவ்வாறு மாறியது என்பதையும், உருக்கலுக்குத் தப்பிய நாணயங்கள் இன்று சேகரிப்புப் பொருளாக மதிப்பிடப்படும் முறை வரலாற்றுச் சான்றுகளை எவ்வாறு பாதிக்கிறது என்பதையும் இக்கட்டுரை ஆராய்கிறது. வெள்ளி நீக்கம் சிறிய நாணயத்திலிருந்தே தொடங்கி மேல்நோக்கிச் சென்றது என்பதும், துளையிட்ட, காது பற்றவைத்த நாணயங்களே எளியோர் சேமிப்பின் நேரடிச் சான்றுகள் என்பதும் இதன் முடிவுகள்.

திறவுச் சொற்கள்: வெள்ளி நாணயம், பின்ன நாணயம், அரைக்கால் ரூபாய், பணம், சேமிப்பு, உருக்கல், நாணயச் சேகரிப்பு.

1. முன்னுரை

நாணய வரலாறு பெரும்பாலும் பெரிய நாணயங்களின் வரலாறாகவே எழுதப்பட்டு வந்துள்ளது. வராகன், மோகர், ரூபாய் ஆகியவை அரசர் பெயரையும் ஆட்சி ஆண்டையும் தாங்கி வருவதால் அரசியல் வரலாற்றுக்கு உடனடியாகப் பயன்படுகின்றன. அவற்றின் அடியில் புழங்கிய சில்லறை வெள்ளி அத்தகைய கவனத்தைப் பெறவில்லை. ஆனால் நாட்கூலி பெற்றவரின் கையில் முழு ரூபாய் புழங்கியது அரிது. அவர் கண்ட வெள்ளி நாலணாவும் இரண்டணாவுமே.

சிறு நாணயம் எல்லா நாடுகளிலும் அரசுகளுக்குத் தொல்லை தந்த ஒன்று. ஒரு ரூபாயை அச்சிடும் உழைப்பே ஏறத்தாழ ஓர் அரைக்கால் ரூபாயை அச்சிடவும் தேவைப்படுகிறது. ஆகவே அதே அளவு வெள்ளியைச் சிறு நாணயங்களாக வெளியிட எட்டு மடங்கு வேலை ஆகிறது. இத்தாலிய வரலாற்றறிஞர் கார்லோ சிப்போல்லா இதனைச் 'சிறு சில்லறையின் பெருஞ்சிக்கல்' என்று அழைத்தார். தாமஸ் சார்ஜென்ட், பிரான்சுவா வெல்ட் இருவரும் அத்தொடரையே தலைப்பாக்கி 2002இல் ஒரு நூல் எழுதினர். ஐரோப்பிய அரசுகள் கண்ட தீர்வு, சிறு நாணயத்தில் வெள்ளியைக் குறைப்பது. பிரிட்டன் 1816இலும் அமெரிக்கா 1853இலும் இவ்வழியைப் பின்பற்றின. இந்தியாவில் கம்பெனி அரசு வேறு வழியில் சென்றது. அந்த வேறுபாடே இக்கட்டுரையின் தொடக்கப் புள்ளி.

ஒரு வெள்ளி நாணயத்துக்கு மூன்று மதிப்புகள் உண்டு. சட்டம் தருவது முகமதிப்பு. சந்தை தருவது உலோக மதிப்பு. அருமை கருதிச் சேகரிப்போர் தருவது சேகர மதிப்பு. இம்மூன்றில் எது மேலோங்குகிறதோ அதற்கேற்ப நாணயம் கடைக்கோ, உலைக்கோ, பேழைக்கோ செல்கிறது. சிறு வெள்ளியின் வரலாறு இம்மூன்று மதிப்புகளும் தம்முள் இடம் மாறிய வரலாறாகும்.

2. தமிழகத்தில் சிறு வெள்ளியின் முன்வரலாறு

தமிழில் செல்வத்தைக் குறிக்கும் பொதுச்சொல்லான 'பணம்' என்பதே ஒரு சிறு நாணயத்தின் பெயர். ஐரோப்பியர் அதனை 'ஃபனம்' என்று வழங்கினர். அவர்கள் வழங்கிய 'கேஷ்' என்பது 'காசு'. நாணயத்தின் தரம் பார்ப்பவரைக் குறித்த 'வண்ணக்கன்' என்னும் தொழிற்பெயர் சங்கப் புலவர் வடம வண்ணக்கன் தாமோதரனார் பெயரிலேயே காணப்படுகிறது. நாணயத்தை அதன் உலோகம் கொண்டு மதிப்பிடும் வழக்கத்தின் தொன்மையை இது உணர்த்தும்.

சென்னை மாகாணத்தின் பழைய கணக்கில் ஒரு நட்சத்திர வராகனுக்கு 42 பணம், ஒரு பணத்துக்கு 80 காசு. தமிழ்ப் பின்ன வாய்பாட்டில் காணி என்பது எண்பதில் ஒன்று. எனவே ஒரு காசு என்பது கணக்கில் காணிப் பணமாகும். 1807ஆம் ஆண்டளவில் கம்பெனி எந்திர அச்சில் வெள்ளி அரை வராகன், கால் வராகன், ஐந்து பணம், இரண்டு பணம், ஒரு பணம் ஆகியவற்றை வெளியிட்டது. வராகன் பின்னங்களில் கோயிற்கோபுரமும் திருமால் உருவும் இடம்பெற்றன. இந்த வெளியீட்டில் ஆங்கிலம், பாரசீகம் ஆகியவற்றோடு தமிழ், தெலுங்கு எழுத்துகளும் பொறிக்கப்பட்டன. அரை வராகன்களுள் சில, ஸ்பானிய டாலர்களின் மேலேயே அச்சிடப்பட்டவை. உலகச் சந்தையில் புழங்கிய அமெரிக்க வெள்ளி, கோபுர முத்திரை பெற்றுத் தமிழகச் சந்தைக்கு வந்தது என்பதற்கு அந்த நாணயங்களே சான்று. ஒரு பண நாணயத்தின் எடை ஏறத்தாழ 0.9 கிராம் மட்டுமே.

பிற ஆட்சிப் பகுதிகளிலும் இத்தகைய சிறு வெள்ளி புழங்கியது. புதுச்சேரியில் பிரெஞ்சுக்காரரும் தரங்கம்பாடியில் டேனியரும் பணம் என்னும் அளவையொட்டிய வெள்ளி நாணயங்களை வெளியிட்டனர். இவ்விரு இடங்களிலும் எட்டுப் பணம் ஒரு ரூபாய். ஆங்கிலேயர் பகுதியிலோ பன்னிரண்டு பணம் ஒரு ரூபாய். ஒரே பெயர் கொண்ட நாணயம் சில காதங்களுக்குள் வேறுவேறு மதிப்புப் பெற்றதால், நாணயம் மாற்றும் சராபுகளின் தொழில் செழித்தது. திருவிதாங்கூரில் 28 சக்கரம் ஒரு திருவிதாங்கூர் ரூபாய். பிரிட்டிஷ் ரூபாய்க்கு இருபத்தெட்டரைச் சக்கரம். அரை கிராமுக்கும் குறைந்த எடையுள்ள வெள்ளிச் சக்கரத்தை விரலால் எண்ணுவது அரிதாகையால், குழிகள் வரிசையாகச் செதுக்கிய பலகையில் நாணயங்களைக் கொட்டி அசைத்து, குழிகள் நிரம்பியதும் எஞ்சியவற்றைத் தள்ளி எண்ணினர். அச்சிடுவதில் மட்டுமின்றி எண்ணுவதிலும் சிறுமைக்கு ஒரு செலவு இருந்ததை இப்பலகை காட்டுகிறது.

1818இல் சென்னை மாகாணம் வராகனைக் கைவிட்டு வெள்ளி ரூபாயை ஏற்றது. மூன்றரை ரூபாய் ஒரு வராகன் என மாற்று வீதம் குறிக்கப்பட்டது. இந்தச் சென்னை ரூபாயின் எடை 180 கிரெயின். பன்னிரண்டில் பதினொரு பங்கு தூய வெள்ளி. 1835இல் இந்தியா முழுமைக்கும் விதிக்கப்பட்ட ரூபாயின் எடையும் தூய்மையும் இவையே.

3. நேர்விகிதப் பின்னம்: 1835–1893

1835ஆம் ஆண்டின் 17ஆம் சட்டம் ரூபாய், அரை ரூபாய், கால் ரூபாய் ஆகியவற்றை நிறுவியது. 1841இல் இரண்டணா என்னும் அரைக்கால் ரூபாய் சேர்ந்தது. ரூபாய் 11.66 கிராம், அரை ரூபாய் 5.83 கிராம், கால் ரூபாய் 2.92 கிராம், அரைக்கால் ரூபாய் 1.46 கிராம். எல்லாவற்றிலும் தூய்மை ஒன்றே. எட்டு இரண்டணாக்களில் இருந்த வெள்ளி, ஒரு ரூபாயில் இருந்த வெள்ளிக்குச் சற்றும் குறைந்ததன்று.

இப்பகுப்பு தமிழ் வாய்பாட்டோடு இயல்பாகப் பொருந்தியது. அரை, கால், அரைக்கால், மாகாணி எனப் பாதி பாதியாக இறங்கும் வரிசையில், பதினாறில் ஒன்றான மாகாணியே ஓர் அணா. எண்சுவடி பயின்ற கணக்கருக்குப் பழைய நாற்பத்திரண்டு பணக் கணக்கைக் காட்டிலும் இப்புதிய கணக்கு எளிது. 'கால் ரூபாய்' என்னும் பெயருக்கு மொழிபெயர்ப்பே தேவைப்படவில்லை.

நேர்விகித எடையின் பொருளியல் விளைவு பெயர்ப் பொருத்தத்தினும் முக்கியமானது. சிறு நாணயம் அச்சிடும் கூடுதல் செலவை அரசே ஏற்றது. இரண்டணாவாகச் சேர்த்தவரும் ரூபாயாகச் சேர்த்தவரும் ஒரு கிராம் வெள்ளிக்கு ஒரே விலையைத் தந்தனர். நாட்கூலியில் மிச்சம் பிடிப்பவருக்கு வேறு எந்தச் சேமிப்பு முறையும் இச்சலுகையைத் தரவில்லை. தட்டாரிடம் செய்த மெட்டிக்கும் கொலுசுக்கும் சேதாரமும் கூலியும் உண்டு. நாணயத்துக்கு அவை இல்லை. மண் உண்டியலிலும் சுருக்குப்பையிலும் முந்தானை முடிச்சிலும் சேர்ந்த சிறு வெள்ளி போதிய அளவு திரண்டபின் தட்டாரின் உலைக்குச் சென்று அரைஞாணாகவோ தண்டையாகவோ உருமாறியது. தூய்மை உறுதி செய்யப்பட்ட மூலப்பொருளாக நாணயம் பயன்பட்டது. நேர்த்திக் கடனுக்காக மஞ்சள் துணியில் முடிந்து வைக்கப்பட்ட காசும் இத்தகைய வெள்ளியாக இருக்கலாயிற்று.

எதிர்த் திசையிலும் வழி திறந்திருந்தது. வெள்ளியை நாணயச்சாலையில் தந்து, ஏறத்தாழ நூற்றுக்கு இரண்டு வீதக் கட்டணம் போக நாணயமாகப் பெறும் உரிமை எவருக்கும் இருந்தது. 1876–78 பெரும்பஞ்சத்தின்போது மக்கள் விற்ற நகைகள் பம்பாய் நாணயச்சாலைக்கு உருக்க வந்தன. விற்றவர் வணிகரிடம் கணிசமாக இழந்திருப்பர். ஆயினும் நகையின் விலை நாணயத்தின் விலையிலிருந்து மிக விலகாதவாறு அந்த உரிமை ஒரு வரம்பாக நின்றது. அப்பஞ்சத்தில் சர் ரிச்சர்ட் டெம்பிள் குறைத்து விதித்த நிவாரணக் கூலி, ஆடவருக்கு நாளொன்றுக்கு ஒரு ராத்தல் தானியமும் ஓர் அணாவும். அதன்படி ஓர் இரண்டணா நாணயம், இரண்டு நாள் வேலைக்குரிய காசுக் கூலி. இந்நாணயத்தின் 'சிறுமை' எத்தகையவர் பார்வையில் சிறுமை என்பதை இவ்வொப்பீடு தெளிவாக்கும்.

சிறு நாணயத்துக்கு ஓர் இயற்கைக் குறையும் இருந்தது. எடைக்கு ஒப்பிடும்போது மேற்பரப்பு மிகுதியாகையால் அது விரைவாகத் தேய்ந்தது. கைமாறும் வேகமும் அதிகம். பல ஆண்டுகள் புழங்கிய இரண்டணாவில் எழுத்தும் உருவமும் மழுங்கி, வெறும் வெள்ளி வட்டாகக் காணப்படுவது இதனாலேயே. எடையில் நிறுத்து வாங்கும் தட்டார் இத்தேய்மானத்தைக் கழித்தே விலை தந்தார்.

4. முகமதிப்பின் மேலோங்கல்: 1893–1916

வெள்ளியின் உலக விலை 1870களிலிருந்து வீழ்ந்துகொண்டே வந்தது. லண்டனுக்குச் செலுத்த வேண்டிய தொகைகளைத் தங்கக் கணக்கில் தரவேண்டியிருந்த இந்திய அரசு, ஹெர்ஷெல் குழுவின் பரிந்துரைப்படி 1893 ஜூன் 26 அன்று நாணயச்சாலைகளைத் தனியார் வெள்ளிக்கு மூடியது. பின்னர் ரூபாயின் மதிப்பு ஒரு ஷில்லிங் நான்கு பென்ஸ் என நிலைபெற்றது. அன்று முதல் ரூபாயும் அதன் பின்னங்களும் உலோக மதிப்பிற்கு மேற்பட்ட முகமதிப்பில் புழங்கும் அடையாள நாணயங்களாயின.

இம்மாற்றத்தைக் கணக்கில் காணலாம். ஒரு ரூபாயில் 165 கிரெயின் தூய வெள்ளி உண்டு. லண்டனில் ஓர் அவுன்ஸ் தர வெள்ளி 24 பென்ஸ் விற்றால், ரூபாயிலுள்ள வெள்ளியின் மதிப்பு 9 பென்ஸுக்கும் சற்றுக் குறைவு; முகமதிப்போ 16 பென்ஸ். 1909, 1915 ஆகிய ஆண்டுகளில் விலை இதனை ஒட்டியே இருந்தது. இரண்டணாவிலும் இதே விகிதம். நாணயமாக வைத்திருந்த வெள்ளிக்கும் நகையாக வைத்திருந்த வெள்ளிக்கும் இடையே முதன்முறையாகப் பெரும் பிளவு ஏற்பட்டது. முன்னர் நாணயத்தை உருக்கி நகை செய்தவர் மீண்டும் அந்நகையை நாணயமாக மாற்றும் வழி அடைபட்டது. தாதாபாய் நௌரோஜி உள்ளிட்டோர் இந்நடவடிக்கையை எதிர்த்தனர். மக்கள் வைத்திருந்த வெள்ளியின் மதிப்பு அவர்கள் ஒப்புதல் இன்றிக் குறைக்கப்பட்டது என்பது எதிர்ப்பாளர்களின் வாதங்களுள் ஒன்று.

நாணயமாகவே சேமித்தவர் இக்காலத்தில் இழக்கவில்லை. மாறாக, வீழும் வெள்ளி விலையிலிருந்து முகமதிப்பு அவரைக் காத்தது. ஆனால் சட்டம் சிறு நாணயத்துக்கு முழுத் தகுதி தரவில்லை. 1906ஆம் ஆண்டின் நாணயச் சட்டப்படி ரூபாயும் அரை ரூபாயும் எத்தொகைக்கும் செல்லும். கால் ரூபாயும் அரைக்கால் ரூபாயும் ஒரு ரூபாய் வரையே சட்டப்படி செல்லும். இரண்டணாவாக ஐம்பது ரூபாய் சேர்த்த ஒருவர் அதனைக் கடன் தீர்க்கக் கொடுத்தால் வாங்க மறுக்கும் உரிமை கடன்காரருக்கு இருந்தது. வெள்ளியின் அளவிலும் தூய்மையிலும் சமமான நாணயங்கள் சட்டத்தின் முன் சமமல்லாமற் போயின. 1907இல் வெளிவந்த செம்பு-நிக்கல் ஓரணா, அடுத்து வரவிருந்த மாற்றத்தின் முன்னறிவிப்பு.

5. உலோக மதிப்பின் மேலோங்கல்: 1917–1920

முதல் உலகப்போர் இந்நிலையைத் தலைகீழாக்கியது. போர்ச் செலவுக்கும் ஏற்றுமதிக்கும் ஈடாக நாணயத் தேவை பெருக, வெள்ளி விலை ஏறியது. ஓர் அவுன்ஸ் 43 பென்ஸைத் தொடும்போது ரூபாயின் உலோக மதிப்பும் முகமதிப்பும் சமமாகின்றன. 1917 ஆகஸ்டில் விலை அந்த எல்லையைத் தொட்டது. 1920 பிப்ரவரியில் எட்டிய உச்சம் 89.5 பென்ஸ். அவ்விலையில் ஒரு ரூபாயிலுள்ள வெள்ளி 33 பென்ஸுக்கு மேல் பெறும். பழைய முகமதிப்பில் இது இருமடங்குக்கும் கூடுதல்.

நாணயத்தை நாணயமாக அன்றி வேறு வகையில் பயன்படுத்துவதையும் உருக்குவதையும் 1917இல் அரசு தடைசெய்தது. வெள்ளி ஏற்றுமதியும் தடைபட்டது. அவ்வாண்டு நவம்பர் 30 அன்று ஒரு ரூபாய்த் தாளும், 1918 ஜனவரியில் இரண்டரை ரூபாய்த் தாளும் வெளிவந்தன. தாளைக் கொடுத்து வெள்ளி கேட்போர் பெருகியதால் அரசின் கையிருப்பு கரைந்தது. 1918 ஏப்ரலில் அமெரிக்கா இயற்றிய பிட்மன் சட்டத்தின்வழி அந்நாட்டின் வெள்ளி டாலர்கள் உருக்கப்பட்டு, ஏறத்தாழ 20 கோடி அவுன்ஸ் இந்தியத் தேவைக்கு விற்கப்பட்டது. ஒரு நூற்றாண்டுக்கு முன் ஸ்பானிய டாலர் வராகனானதைப் போல இப்போது அமெரிக்க டாலர் ரூபாயாயிற்று.

இந்நெருக்கடியில் வெள்ளியை எந்த நாணயத்திலிருந்து நீக்குவது என்னும் வினா எழுந்தது. விடை சிறு நாணயத்திலிருந்தே தொடங்கியது. வெள்ளி இரண்டணா 1917ஆம் ஆண்டுடன் நின்றது. 1918இல் சதுர வடிவச் செம்பு-நிக்கல் இரண்டணா வந்தது. 1919இல் எண்கோண நாலணாவும் வட்டமான எட்டணாவும் அதே கலவையில் வந்தன. இவற்றுள் எட்டணா, கள்ள நாணயம் மலிந்ததால் சில ஆண்டுகளிலேயே திரும்பப் பெறப்பட்டது. கால் ரூபாயும் அரை ரூபாயும் மீண்டும் வெள்ளியில் அச்சிடப்பட்டன. இரண்டணா வெள்ளிக்குத் திரும்பவேயில்லை. 76 ஆண்டுகள் நிலவிய அரைக்கால் ரூபாய் என்னும் மிகச் சிறிய சேமிப்பு அலகு அத்துடன் மறைந்தது. வெள்ளியில் சேமிக்க விரும்பியவருக்கு இனிக் குறைந்தபட்சத் தொகை நாலணா.

நிருவாக நோக்கில் இம்முடிவு பொருத்தமானதே. சில்லறையின் தேவை புழக்கம். புழக்கத்துக்கு வெள்ளி இன்றியமையாததன்று. செம்பு-நிக்கல் தேய்வது குறைவு. உருக்கிப் பயனில்லையாகையால் மறைவதும் குறைவு. ஆயினும் சில்லறையைச் சேமிப்பாகவும் கொண்ட மக்களுக்கு அது வேறு பொருள் தந்தது. அரசு அதனைச் செலவிடும் கருவியாக மட்டும் கண்டது.

தமிழர் தொழிலாளராகச் சென்ற நாடுகளிலும் அதே காலத்தில் அதே போக்கு காணப்படுகிறது. இலங்கையில் 1892 முதல் வெளியான பத்து சதம், ஆயிரத்தில் 800 பங்கு தூய்மையுடையது, எடை 1.17 கிராம். 1919 முதல் அதன் தூய்மை 550 ஆகக் குறைந்தது. மலாயாவில் புழங்கிய நீரிணைக் குடியேற்றப் பத்து சதத்தின் தூய்மை 1918இல் 600இலிருந்து 400 ஆக இறங்கியது. தேயிலைத் தோட்டத்திலோ ரப்பர்த் தோட்டத்திலோ சிறு வெள்ளியாகச் சேர்த்து ஊர் திரும்பியவரின் முடிச்சில், ஒரே தோற்றமுள்ள நாணயங்கள் ஆண்டுக்கேற்ப வெவ்வேறு அளவு வெள்ளியைக் கொண்டிருந்தன. தட்டாரின் உரைகல்லே அவ்வேறுபாட்டை அவருக்கு உணர்த்தியிருக்கும்.

6. வெள்ளியின் வெளியேற்றம்: 1940–1947

இரண்டாம் உலகப்போரில் மீண்டும் பதுக்கல் தோன்றியது. 1940இல் தூய்மைக் குறைப்பு தொடங்கியபோது வரிசை முன்னைப் போன்றதே: முதலில் கால் ரூபாய், அடுத்து அரை ரூபாய், ஆண்டிறுதியில் ரூபாய். பன்னிரண்டில் பதினொரு பங்காக இருந்த வெள்ளி சரிபாதியாயிற்று; எஞ்சியது செம்பு, நிக்கல், துத்தநாகம். இக்கலவை 'நால்வகை உலோகக் கலவை' எனப்பட்டது. கள்ள நாணயத்தைத் தடுக்க ரூபாயின் விளிம்பில் பள்ளக் கோடு ஒன்றும் சேர்க்கப்பட்டது.

பழைய உயர்தர நாணயங்கள் படிப்படியாகச் செல்லாதவையாக்கப்பட்டன. விக்டோரியா உருவம் பொறித்த ரூபாயும் அரை ரூபாயும் 1941இலும், ஏழாம் எட்வர்டின் நாணயங்கள் 1942இலும், ஐந்தாம், ஆறாம் ஜார்ஜ் காலத்து உயர்தர நாணயங்கள் 1943இலும் சட்டச் செல்வாக்கை இழந்தன. குறித்த நாளுக்குள் கருவூலத்தில் மாற்றாதவருக்கு எஞ்சியது உலோக மதிப்பு மட்டுமே. அறிவிப்பு அச்சிலும் ஆங்கிலத்திலும் நகர அலுவலகங்களிலும் முதலில் புழங்கியது. புதைத்த கலயமோ சிற்றூர்களில் இருந்தது. போர்க்கால வெள்ளி விலை உயர்ந்திருந்ததால் உலோக மதிப்பே பலருக்குப் போதுமானதாயிருந்தது. ஆகவே செல்லாக் காசான வெள்ளி தட்டாரிடம் சென்றது. அதே ஆண்டுகளில் சில்லறைப் பஞ்சமும் கடுமையாயிற்று. அஞ்சல்தலைகள் சில்லறையாகக் கைமாறின. மேற்கிந்தியச் சமஸ்தானங்கள் பல அட்டைத் துண்டுகளைச் சிறு பணமாக வெளியிட்டன.

போரின்போது அமெரிக்காவிடமிருந்து குத்தகை ஏற்பாட்டில் இந்தியா பெற்ற வெள்ளி ஏறத்தாழ 22.6 கோடி அவுன்ஸ். அது வெள்ளியாகவே திருப்பித் தரவேண்டிய கடன். 1946–47இல் அரை ரூபாய், கால் ரூபாய், ரூபாய் ஆகியவை தூய நிக்கலுக்கு மாறின. திரும்பப் பெற்ற போர்க்கால நாணயங்களின் வெள்ளி பிரித்தெடுக்கப்பட்டு, 1950களில் அக்கடன் தீர்க்கப்பட்டது. 1957 ஏப்ரல் 1 அன்று பதின்மக் கணக்கு வந்தபின் அணா என்னும் அலகே சட்டத்திலிருந்து நீங்கியது. நாலணா என்னும் சொல் மட்டும் இருபத்தைந்து காசின் பெயராக நிலைத்து, அந்நாணயம் 2011 ஜூன் இறுதியில் செல்லாததாகும் வரை மக்கள் வழக்கில் இருந்தது.

7. சேகர மதிப்பும் சான்றின் சிதைவும்

உருக்கலுக்குத் தப்பியவை அருங்காட்சியகங்களிலும் சேகரிப்பாளரிடமும் எஞ்சின. சென்னை அரசு அருங்காட்சியகத்தின் கண்காணிப்பாளராயிருந்த எட்கர் தர்ஸ்டன், கம்பெனி நாணயங்களின் வரலாற்றையும் அங்கிருந்த நாணயங்களின் அட்டவணையையும் 1890இல் வெளியிட்டார். வால்டர் எலியட் 1886இலும் தி. தேசிகாச்சாரி 1933இலும் தென்னிந்திய நாணயங்களைப் பற்றி எழுதிய நூல்கள் இத்துறைக்கு அடித்தளமிட்டன. சிறு வெள்ளி குறித்த அறிவு இன்றளவும் பெரிதும் சேகரிப்பாளர் முயற்சியால் வளர்ந்தது. நாணயச்சாலைக் குறிகள், எழுத்தமைப்பு வேறுபாடுகள், அச்சு வகைகள் ஆகியவற்றை அவர்களே பிரித்தறிந்தனர். 1840 என்னும் ஆண்டுடன் கூடிய விக்டோரியா நாணயங்கள் எழுத்தமைப்பால் இருவகைப்படும் என்பதும், 1862 என்று பொறித்த ரூபாய்கள் 1874 வரை அச்சிடப்பட்டன என்பதும், பம்பாய் நாணயங்களில் உள்ள நுண்புள்ளிகளே உண்மை ஆண்டைக் காட்டும் என்பதும் அத்தகைய உழைப்பின் பயன்கள். நாணயத்திலுள்ள ஆண்டை அப்படியே அச்சிட்ட ஆண்டாகக் கொள்ளும் ஆய்வாளருக்கு இது தேவையான எச்சரிக்கை.

எனினும் சேகரிப்பின் அளவுகோல் ஒன்று வரலாற்றாய்வுக்கு எதிராகச் செயல்படுகிறது. சந்தையில் உயர்விலை பெறுவது தேயாத, பழுதற்ற நாணயம். அத்தகைய நாணயம் புழக்கத்தில் இருந்ததன்று. அது கையிருப்பிலோ பையிலோ உறங்கியது. மாறாகத் துளையிட்ட, காது பற்றவைத்த, சோதனை வெட்டு விழுந்த, சராபு முத்திரை பெற்ற நாணயங்கள் 'பழுதுற்றவை' எனத் தள்ளப்படுகின்றன. சேகர மதிப்பு இழந்த அவை உலோக மதிப்புக்கே விற்கப்பட்டு, உருக்கப்படுகின்றன. ஆனால் மக்கள் நாணயத்தை என்ன செய்தனர் என்பதற்கு நேரடிச் சான்று அவைதாம். காது பற்றவைத்த கால் ரூபாய் ஒரு பெண்ணின் கழுத்திலிருந்தது. தேவை வந்தபோது கழற்றப்பட்டது. அவளுடைய சேமிப்புக்கு வேறு ஆவணம் இல்லை. வங்கிப் புத்தகமும் பத்திரமும் இல்லாத மக்களின் கணக்கேடு அந்தத் துளைகளிலும் பற்றுகளிலும் உள்ளது.

இவ்விடத்தில் ஒரு பழைய முறை துணைபுரியும். பத்தொன்பதாம் நூற்றாண்டின் இறுதிப் பகுதியில் இந்தியக் கருவூலங்களில் ஆண்டுதோறும் ரூபாய்க் கணக்கெடுப்பு நடைபெற்றது. மாதிரியாக எடுத்த நாணயங்களை ஆண்டுவாரியாகப் பிரித்து, புழக்கத்திலுள்ள மொத்தத் தொகையை மதிப்பிட்டனர். எஃப். சி. ஹாரிசன் செய்த இம்மதிப்பீடுகளை ஜான் மேனார்டு கெய்ன்ஸ் 1913இல் வெளியிட்ட தம் இந்திய நாணய நூலில் பயன்படுத்தினார். எந்த ஆண்டின் நாணயம் எவ்வளவு விரைவில் மறைகிறது என்பதே அம்முறையின் அடிப்படை. இதனை இன்றுள்ள தொகுப்புகளுக்கும் பொருத்தலாம். அழகிய நாணயங்களை மட்டும் தேராது, கிடைத்த முழுத் தொகுதியையும் ஆண்டு, எடை, தேய்மானம், துளை, பற்று ஆகியவற்றோடு பதிவு செய்தால், சேமித்த காலமும் முறையும் வெளிப்படும்.

புதையல் சட்டமும் கருதத்தக்கது. 1878ஆம் ஆண்டின் சட்டம், பத்து ரூபாய்க்கு மேற்பட்ட மதிப்புள்ள கண்டெடுப்பை ஆட்சியருக்கு அறிவிக்க வேண்டும் என்கிறது. பொன் கிடைத்தால் செய்தி பரவும். ஒரு கலயம் இரண்டணா கிடைத்தால் பரவுவதில்லை. அது எடைக்கு விற்கப்பட்டு மறைவது எளிது. பெரும் புதையல்கள் ஆவணப்படுத்தப்பட, எளியோர் புதைத்தவை பதிவின்றி அழிவதற்கு இதுவும் ஒரு காரணம்.

8. இன்றைய சிறு வெள்ளி

சிறு அலகில் வெள்ளி சேர்க்கும் விருப்பம் அழியவில்லை. மெக்சிகோ 1991 முதல் தன் 'லிபர்டாட்' வெள்ளி நாணயத்தை அரை, கால், பத்திலொன்று, இருபதிலொன்று அவுன்ஸ் அளவுகளில் வெளியிட்டு வருகிறது. இந்தியாவில் திருமகள் உருவம் பொறித்த ஐந்து, பத்து கிராம் வெள்ளிக் காசுகள் தீபாவளிக்கும் அட்சய திருதியைக்கும் விற்பனையாகின்றன. இவை சட்ட நாணயங்கள் அல்ல. இவ்விரு வகையிலும், அலகு சிறிதாகச் சிறிதாக ஒரு கிராமுக்கான விலை கூடுகிறது. அச்சுக்கூலி, உறை, வணிகர் இலாபம் ஆகியவை சிறு அலகின்மேல் கூடுதல் பங்காக விழுகின்றன. குறைவாக வாங்குபவர் கூடுதலாகத் தருகிறார். 1841இன் இரண்டணாவோடு ஒப்பிட்டால் இதன் பொருள் விளங்கும். அன்று சிறுமையின் செலவை அரசு ஏற்றது. இன்று அதனை வாங்குபவர் ஏற்கிறார்.

9. முடிவுரை

காலனிய இந்தியாவின் சிறு வெள்ளி நாணயங்கள் நேர்விகித எடையாலும் ஒரே தூய்மையாலும் மிக எளியோருக்கும் சமவிலைச் சேமிப்பை வாய்க்கச் செய்தன. அது கம்பெனி அரசின் கருணையால் விளைந்ததன்று. ஒரே தரத்தில் நாணய வரிசையை அமைத்ததன் உடன்விளைவு. 1893இல் நகைக்கும் நாணயத்துக்கும் இடையிலான வழி அடைபட்டது. 1917இல் மிகச் சிறிய வெள்ளி அலகு மறைந்தது. 1940இல் தூய்மைக் குறைப்பு மீண்டும் கீழிருந்தே தொடங்கியது. ஒவ்வொரு நெருக்கடியிலும் முதல் இழப்பு மிகச் சிறிய நாணயத்துக்கே நேர்ந்தது. அந்நாணயத்தைச் சேமிப்பாகக் கொண்டவரே அவ்விழப்பை முதலில் ஏற்றனர்.

எஞ்சிய நாணயங்களை மதிப்பிடும் முறையில் இரண்டாவது இழப்பு நிகழ்கிறது. அழகை மட்டும் அளவுகோலாகக் கொண்ட சேகரிப்பு, பயன்பாட்டின் தடயங்களை உலைக்கு அனுப்புகிறது. அருங்காட்சியகங்களும் பல்கலைக்கழக வரலாற்றுத் துறைகளும் துளையிட்ட, பற்றவைத்த சிறு வெள்ளியைத் தனித்தொகுதியாகப் பேணவும், எடையோடும் தேய்மானத்தோடும் பதியவும் முற்பட வேண்டும். தட்டாரின் உலைக்குச் செல்லும் முன் அந்நாணயங்களைப் பதிவு செய்வதே, எழுத்து வடிவில் ஏதும் விட்டுச் செல்லாத மக்களின் பொருளியல் வாழ்வை எழுதுவதற்கான முதற்படி.